தக்காளியில் எது ருசி? மாமியாருக்கு வைத்த பரீட்சை!

"இது ரசமா, இல்லை மஞ்சத்தூள் போட்ட வெந்நீரா?"

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இப்படிக் கேட்டது வேறு யாருமில்லை, என் மாமியார்தான். வயது 78. போன மார்கழியில் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. இதய டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நானும் ஒரு மருத்துவர். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக வருகிறவர்களிடமெல்லாம் "உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்க" என்று ஓதிக் கொண்டிருப்பவள். ஆனால், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அந்த உபதேசம் எடுபடவில்லை!

முதல் வாரம் ரசம் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் குழம்பு வேண்டாம். அதற்கும் அடுத்த வாரம், "ராத்திரிக்குப் பசியே இல்லம்மா, ஒரு வாழைப்பழம் போதும்" என்று படுத்துவிட்டார். மாதக் கடைசியில் எடை பார்த்தால் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. அந்த வயதில் மூன்று கிலோ என்பது சாதாரண விஷயமா? ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றப் போய் ஆளையே இளைக்க வைத்துவிட்டோமோ என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ, தாத்தாவோ இப்படித் தட்டைத் தள்ளி வைக்கிறவராக இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மூன்று பழங்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆவணி மாதமே பத்துப் பன்னிரண்டு பைகளில் தக்காளி போட்டிருந்தேன். பொழுதுபோக்குக்காகத்தான். தை பிறந்ததும் பழம் தள்ள ஆரம்பித்தது. ஒருநாள் கடைத் தக்காளி தீர்ந்து போனதால், மாடிக்குப் போய் மூன்று நாட்டுத் தக்காளியைப் பறித்து வந்து ரசம் வைத்தேன். உப்பு அதே பாதி அளவுதான். ஒரு சிட்டிகைகூட அதிகம் போடவில்லை.

மாமியார் ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். "இன்னிக்குத்தான் உப்பு சரியா போட்டிருக்கே" என்றார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குத்தான் புரிந்தது. நாக்கு தேடியது உப்பை மட்டுமல்ல, ருசியை. அந்த ருசி தக்காளியிலிருந்து வந்தபோது, உப்பு குறைந்ததே நாக்குக்குத் தெரியவில்லை.

சரி, எந்தத் தக்காளிக்கு அந்தச் சக்தி அதிகம்? அதையும் பார்த்துவிடுவோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பரீட்சை வைத்தேன்.

ஐந்து தட்டு, ஐந்து நாக்கு

மாமியார், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், எதிர்வீட்டு அக்கா, நான் என ஐந்து பேர். ஐந்து தட்டுகளில் ஐந்து விதத் தக்காளி. கர்சீப்பால் கண்ணைக் கட்டிக் கொண்டோம். உப்பு, மிளகுத்தூள் எதுவும் கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர். (எனக்கு மகன் ஊட்டினான். ஏமாற்ற வழியில்லை!)

முதல் தட்டில் நாட்டுத் தக்காளி. தெரிந்தவர் வீட்டுக் கொல்லையிலிருந்து வாங்கி வந்த விதை. தட்டையாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். தோல் மெல்லிசு, கத்தி படுவதற்குள் சாறு வழியும். வாயில் போட்டதும் முதலில் சுரீரென்று புளிப்பு, பிறகு ஒரு வாசனை மூக்கு வரை ஏறுகிறது. மாமியார் மென்றுவிட்டுச் சொன்னது: "இது எங்க ஊர் கிணத்துமேட்டுத் தக்காளி." ஐந்து பேரில் மூன்று பேர் ரசத்துக்கு இதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

இரண்டாவது பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. பி.கே.எம். என்பது பெரியகுளத்தைத்தான் குறிக்கிறது. இதுவும் சற்றுத் தட்டையான உருண்டை. நாட்டுத் தக்காளியை விடச் சதை கொஞ்சம் அதிகம். புளிப்பும் இனிப்பும் சண்டை போடாமல் கைகோத்துக் கொண்டு வருகின்றன. என் கணவரும் நானும் இதற்கு முதல் மார்க் கொடுத்தோம்.

மூன்றாவது, விதை பாக்கெட் வாங்கிப் போட்ட ஹைபிரிட். காய்கறிக் கடையில் 'பெங்களூர் தக்காளி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த முட்டை வடிவ ஜாதி. தோல் தடிமன், சதை கெட்டி, சாறு குறைவு. புளிப்பு மிதம். வாசனை கம்மிதான். ஆனாலும் 'பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது' என்று எல்லோருமே சொன்னோம்.

நான்காவது செர்ரி தக்காளி. கோலிக்குண்டு அளவு. வாயில் போட்டுக் கடித்தால் பட்டென்று வெடித்து முதலில் இனிப்புதான் தெரிகிறது. மகனுக்கு இதுதான் முதல் பரிசு. மாமியார் மட்டும், "இது தின்கிற பழம்மா, குழம்புக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஐந்தாவது தட்டுதான் என் குறும்பு. அதே முட்டை வடிவ ஹைபிரிட்தான். ஆனால், கடையில் வாங்கி ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா, "வெள்ளரிக்காயைத் தண்ணியில ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டார். ஒருவர்கூட மூன்றாவது தட்டும் ஐந்தாவது தட்டும் ஒரே ஜாதி என்று கண்டுபிடிக்கவில்லை!

இந்த இடத்தில்தான் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. 'ஹைபிரிட் என்றாலே ருசி கிடையாது' என்று நானும் இத்தனை நாள் பேசிக் கொண்டிருந்தவள்தான். அது பாதி உண்மைதான். ரகம் பாதி, எப்போது பறிக்கிறோம், எப்படி வைத்திருக்கிறோம் என்பது மீதிப் பாதி.

ருசி எங்கே ஒளிந்திருக்கிறது?

தக்காளியில் 100 கிராமுக்குச் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்குள்தான் இத்தனை வித்தைகளும்! அதில் சர்க்கரை உண்டு, சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்புகள் உண்டு. இரண்டும் சரியான அளவில் இருந்தால் ருசி தூக்கும். புளிப்பு மட்டும் இருந்தால் பல் கூசும். இரண்டுமே குறைந்தால் சப்பென்று போகும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இறைச்சிச் சாறு, காளான் இவற்றில் வருகிற அந்தக் 'கறிச் சுவை'. 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயர் வைத்தார். குளூட்டமேட் என்ற பொருள்தான் காரணம். பழுத்த தக்காளியில் இது இயற்கையாகவே இருக்கிறது. அதுவும் சதையை விட, விதையைச் சுற்றி இருக்கிறதே கொழகொழப்பு, அதில்தான் அதிகம். விதையையும் சாறையும் வழித்து எறிந்துவிட்டுச் சமைப்பவர்கள், ருசியைத்தான் சிங்க்கில் கொட்டுகிறார்கள்! உப்பைக் குறைத்தும் ரசம் எடுபட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது வாசனை. மூக்கைப் பிடித்துக் கொண்டு தக்காளியைக் கடித்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் தெரியும், ஆனால் 'தக்காளி' தெரியாது. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் வெளிநாட்டு நண்பர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், 101 ரகத் தக்காளிகளை மக்களுக்குக் கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். பழைய ரகங்களோடு ஒப்பிட்டால், இன்றைய வியாபார ரகங்களில் ருசி தரும் 13 வாசனைப் பொருட்கள் குறைந்து போயிருப்பது அதில் தெரிய வந்தது. நிறைய காய்க்கணும், பெரிதாக இருக்கணும், லாரியில் நசுங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ரகம் பிரித்தவர்கள், நாக்கைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

பச்சைத் தோளைப் பழிக்காதீர்கள்

பி.கே.எம். தக்காளியைக் காயாக இருக்கும்போது பார்த்தால், காம்பைச் சுற்றித் தோள் மாதிரி கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பிறகும் சில பழங்களில் அந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக நிற்கும். உடனே நாம், "இது சரியாப் பழுக்கலைங்க" என்று கடைக்காரரிடம் ஒதுக்கிவிடுவோம்.

அங்கேதான் தப்பு செய்கிறோம். அந்தக் கரும்பச்சை, காயே தன் பங்குக்கு வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்கிற இடம். ஒரே சீராக, அழகாகச் சிவக்கும் தக்காளி வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக ரகம் தேர்ந்தெடுத்ததில், அந்தப் பச்சைத் தோளைத் தருகிற மரபணு பல ரகங்களில் வேலை செய்யாமல் போனது; கூடவே சர்க்கரையும் குறைந்தது என்று 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. கண்ணுக்கு அழகு கூடியது, நாக்குக்கு இனிப்பு குறைந்தது!

ஃபிரிட்ஜ் ஆகாது!

கடைக்கு வரும் தக்காளியில் பெரும்பாலும் காயும் பழமுமாக, லேசாக நிறம் திரும்பும்போதே பறித்தவை. வழியில் சிவக்கும். ஆனால், செடியோடு தொடர்பு அறுந்த பிறகு இலையிலிருந்து சர்க்கரை வராது அல்லவா? அதனால்தான் செடியிலேயே பழுத்ததற்கு அந்தத் தனி ருசி.

போதாக்குறைக்கு வீட்டுக்கு வந்ததும் நேரே ஃபிரிட்ஜில் தள்ளுகிறோம். 2016-ல் வந்த ஓர் ஆராய்ச்சியில் பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வாசனையை உண்டாக்கும் மரபணுக்களே மந்தமாகிவிட்டன. வெளியே எடுத்து வைத்த பிறகும் போன வாசனை முழுசாகத் திரும்பவில்லை. என் ஐந்தாவது தட்டின் கதை இதுதான்.

காற்றோட்டமான கூடையில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வையுங்கள். மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கனிந்து, அழுகிவிடும் என்ற நிலை வந்தால் மட்டும் ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

எதற்கு எந்தத் தக்காளி?

ரசம், தக்காளிக் குழம்பு, பருப்பில் போட: நாட்டுத் தக்காளி அல்லது பி.கே.எம். இவற்றில் புளிப்பு தூக்கலாக இருப்பதால் புளியைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

தொக்கு, குருமா, கிரேவி: கெட்டிச் சதையுள்ள ஹைபிரிட் நல்லது. நாட்டுத் தக்காளியில் தொக்கு கிண்டினால் தண்ணீர் வற்றுவதற்குள் கேஸ் தீர்ந்துவிடும்!

தக்காளி சாதம், சட்னி: பாதி நாட்டு, பாதி ஹைபிரிட். ஒன்று புளிப்புக்கு, ஒன்று கெட்டிக்கு.

பச்சையாகச் சாப்பிட: செர்ரி. குழந்தைகள் சாக்லேட் மாதிரி எடுத்துத் தின்பார்கள்.

மாமியார் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். ரசத்துக்குத் தக்காளியை மிக்ஸியில் அடிக்காமல், கையால் பிசைந்து விட வேண்டும். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. தக்காளியின் பச்சை வாசனைகளில் சில, பழம் நசுங்கும்போதுதான் உண்டாகின்றன. நெடுநேரம் கொதித்தால் ஆவியாகிப் போய்விடும். அதற்காகக் கொதிக்க வைப்பதே தப்பு என்றில்லை. எண்ணெய் சேர்த்து வதக்கும் தொக்கில், சிவப்பு நிறம் தரும் லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேருகிறது. வாசனைக்கு ரசம், லைகோபீனுக்குத் தொக்கு!

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

"டாக்டர், நம்ம பழைய சுவடியில தக்காளியைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தத் தக்காளி தென் அமெரிக்காவில் பிறந்து, மெக்சிகோவில் பயிராகி, கடல் தாண்டி வந்தது. முந்தைய தலைமுறை இதைச் 'சீமைத் தக்காளி' என்றே சொல்லும். நம் மருத்துவ நூல்களில் வருவது மணத்தக்காளி. அது வேறு செடி. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

ஆனால், சுவைக்கு நம் மருத்துவம் வகுத்த கணக்கு இதற்கும் பொருந்தும். மண்ணும் தீயும் சேர்ந்தது புளிப்பு. மண்ணும் நீரும் சேர்ந்தது இனிப்பு. புளிப்பு வாதத்தைத் தணிக்கும். அளவு மீறினால் பித்தத்தையும் கபத்தையும் கூட்டும். அதனால், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புளிப்பு தூக்கலான நாட்டுத் தக்காளியை அளவோடு வைத்துக் கொள்ளலாம். பத்தியத்தில் இருப்பவர்கள், 'புளிதானே கூடாது, தக்காளி போடலாம்' என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். இதுவும் புளிப்புதான். மருந்து கொடுத்தவரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

மாடியில் நீங்களும் போடலாம்

தினம் ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் போதும். செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு கலந்த பெரிய பையில் ஒரு பைக்கு ஒரு செடி. நாற்றுவிட்டு 25 நாளில் பிடுங்கி நடலாம். குச்சி நட்டுக் கட்டுங்கள். வெள்ளை ஈ வந்தால் இலை சுருளும். வேப்பெண்ணெய்க் கரைசலை முன்கூட்டியே தெளித்து வாருங்கள்.

காய் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் அடக்கி விடுங்கள். செடி வாடவிடக் கூடாது. குளமாகக் கட்டவும் கூடாது. அதிகத் தண்ணீரில் பழம் பெருக்கும், ருசி நீர்த்துப் போகும். சித்திரை, வைகாசி வெக்கையில் பூ உதிரும். பழமும் நன்றாகச் சிவக்காது. அது உங்கள் தப்பில்லை.

நாட்டு ரகத்திலும் பி.கே.எம்.மிலும் நீங்களே விதை எடுக்கலாம். விதையைக் கொழகொழப்போடு இரண்டு நாள் தண்ணீரில் புளிக்க விட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஹைபிரிட்டில் எடுத்தால் அடுத்த முறை அதே பழம் வராது.

கொஞ்சம் கவனம்

'தக்காளி ரத்த அழுத்தத்தைக் குறைத்துவிட்டது' என்று நான் எழுதினால் அது பொய். மாமியாருக்கு மாத்திரை அப்படியே தொடர்கிறது. தக்காளி செய்த உதவி, உப்பு குறைந்த சாப்பாட்டை விரும்பிச் சாப்பிட வைத்தது. அவ்வளவுதான். நீங்களும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், மிக்சர், பிஸ்கட் எல்லாம் இதில் அடக்கம். ஒரே நாளில் வெட்டாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். வயதானவர்களுக்கு மோப்பமும் சுவையும் மங்குவதால் இன்னும் பொறுமை வேண்டும். அவர்களை அதட்டாதீர்கள். பிடிவாதம் என்று நினைப்பது, பல சமயம் நிஜமாகவே ருசி தெரியாமல் போவதுதான்.

தக்காளியில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக் கொள்வது அவசியம். மற்றபடி, 'தக்காளி விதைதான் சிறுநீரகக் கல் ஆகிறது' என்ற பயம் வேண்டாம். விதை அப்படியே கல்லாக மாறுவதில்லை.

என் மாமியாருக்கு இளைத்த மூன்று கிலோவில் இரண்டு திரும்பிவிட்டது. காலையில் காபி குடித்ததும் என் மகனை மாடிக்கு அனுப்பி, "நல்லா செவந்ததாப் பார்த்துப் பறிடா, தோள்ல பச்சை இருந்தாலும் பரவாயில்லை" என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறார். நேற்று ரசத்தில் நான் உப்பு போடவே மறந்துவிட்டேன். அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்!

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் கண்ணைக் கட்டிக் கொண்டு இந்தப் பரீட்சையை நடத்திப் பாருங்கள். மாடியில் செடி இல்லையா? சந்தையில் கிடைக்கும் நாட்டுத் தக்காளியும் பெங்களூர் தக்காளியும் வாங்கி வைத்தால் போதும். முதல் துண்டை வீட்டில் மூத்தவருக்குக் கொடுங்கள். அவர் நாக்கு சொல்வதைக் கேட்டுச் சமையுங்கள். உப்பு தானாகக் குறையும்!